‘மேங்கோ’வின் ஐந்து எழுத்தும் உள்ள ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அக்கா மகள் ஆறாம் வகுப்பு. கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடக்கும் நேரம் என்பதாலோ என்னவோ, ‘மேங்கோ’ என்ற சொல்லில் இருக்கும் ஐந்து எழுத்துகளும் வருகிற ஆங்கிலச் சொற்களை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி போனில் தேடியிருக்கிறார். ஒரு தளம் மேங்கோஸ், மேங்கோஸ்டீன் என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கொடுத்தது. இன்னொன்று மேன், கோ, மோன் என்று சின்னச் சின்னச் சொற்களாகக் கொட்டியது. மூன்றாவது தளம் ஃபிளமிங்கோ, இமாஜினேஷன் என்று நீளமான சொற்களைக் காட்டியது. “இதில் எது சரி? நானும் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். அங்கேயும் இதே மாதிரி கேள்வி வருகிறது. பரீட்சை ஹாலில் போன் கிடையாதே, அதற்கு என்ன வழி?” என்கிறார்.

மூன்று தளங்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன, தம்பி. நீங்கள் ஒரே கேள்வியைக் கேட்டதாக நினைத்திருக்கிறீர்கள். அவை மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கின்றன. தர்மபுரியில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் ரீசனிங்கும் நடத்துகிறவன் நான். இந்தப் பகுதியில் மார்க் போவது பெரும்பாலும் ஆங்கிலம் தெரியாததால் இல்லை, கேட்கப்பட்டது எந்த வகை என்று பார்க்காததால்தான். அதனால் முதலில் வகையைப் பிரித்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதினால் ‘பி’ இரண்டு வரும், ‘டி’ இரண்டு வரும், எது எதுவென்று தெரியாமல் குழம்பும். எனவே எழுத்து எழுத்தாகப் பிரித்துக் காட்டும் உதாரணங்களில் அந்த நான்கையும் முடிந்தவரை தவிர்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

எழுத்துகள் அப்படியே ஒட்டி, அதே வரிசையில் சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்பது ஒரு வகை. உங்கள் முதல் தளம் செய்தது அதுதான்: எம், ஏ, என், ஜி, ஓ இடைவெளி இல்லாமல் வருவது மேங்கோ, மேங்கோஸ், மேங்கோஸ்டீன் போன்ற சிலவற்றில் மட்டும்தான். கொடுத்த எழுத்துகளை மட்டுமே வைத்து, வேறு எதையும் சேர்க்காமல் சொல் அமைக்க வேண்டும் என்பது இரண்டாவது வகை. எல்லா எழுத்தையும் பயன்படுத்த வேண்டும் என்றால் மேங்கோ, அமாங் என்ற இரண்டுதான் பொதுவாகப் புழங்குபவை. சிலவற்றை விட்டுவிடலாம் என்றால் மேன், மோன் எல்லாம் வரும். மூன்றாவது வகைதான் அக்கா மகளுக்கு வேண்டியது: ஐந்து எழுத்தும் சொல்லில் எங்காவது இருந்தால் போதும், வரிசை முக்கியமில்லை, கூடவே வேறு எழுத்துகளும் இருக்கலாம். இன்னும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வரிசை மாறக்கூடாது, ஆனால் நடுவில் இடைவெளி இருக்கலாம். மற்றதில் இந்த எழுத்து இந்த இடத்தில்தான் வர வேண்டும் என்று இடம் குறித்திருக்கும். குறுக்கெழுத்தும், மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்கும் வேர்டில் விளையாட்டும் இந்தக் கடைசி வகை.

சரி, அக்கா மகளின் வீட்டுப்பாடத்துக்கு வருவோம். போனை ஓரமாக வைத்துவிட்டு மூளையாலேயே செய்து பார்க்கலாம், தேர்வுக்கும் அதுதானே உதவும்.

முதல் வேலை, இருக்கிற எழுத்துகளில் அரிதானது எது என்று பார்ப்பது. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வருவது இ. க்யூ, இசட், எக்ஸ், ஜே ஆகிய நான்கும் மிகக் குறைவு. ஸ்கிராபிள் விளையாட்டை 1930களில் உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர், செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணித்தான் எழுத்துவில்லைகளைப் பிரித்தார். மொத்தம் 100 வில்லைகள், அதில் இ மட்டும் 12. க்யூவும் இசட்டும் தலா ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. அந்த விளையாட்டின் புள்ளிகளை மனதில் வைத்துக்கொண்டாலே போதும், எந்த எழுத்திலிருந்து தேட ஆரம்பிப்பது என்று தெரிந்துவிடும். புள்ளி அதிகமான எழுத்தைப் பிடித்தால் தேட வேண்டிய சொற்கள் சட்டென்று குறைந்துவிடும்.

எக்ஸ், ஒய், ஜி மூன்றும் உள்ள சொல் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி-யில் ஆரம்பித்தால் ஆயிரக்கணக்கான சொற்களில் அலைய வேண்டும். எக்ஸில் ஆரம்பியுங்கள். எக்ஸும் ஒய்யும் சேர்ந்து வருவது பிராக்ஸி, கேலக்ஸி, ஆக்சிஜன், சைலஃபோன், எபாக்ஸி என்று கொஞ்சம்தான் ஞாபகத்துக்கு வரும். அவற்றில் ஜி எதில் இருக்கிறது? கேலக்ஸி, ஆக்சிஜன். முடிந்தது.

மேங்கோவில் அப்படிப் பெரிய அரிது எதுவும் இல்லை. இருப்பதில் ஜி-யும் எம்-மும் கொஞ்சம் குறைவாக வருபவை. இந்த மாதிரி சாதாரண எழுத்துகள் வந்தால் வாலைப் பிடிக்க வேண்டும். ஆங்கிலச் சொற்களில் பெரும்பாதி ஏதாவது ஒரு வழக்கமான விகுதியில்தான் முடிகிறது. கொடுத்த எழுத்துகளில் இரண்டை அந்த விகுதிக்குள் அடைத்துவிட்டால் மீதியைத் தேடுவது எளிது.

‘இங்’ என்று முடியும் சொற்களை எடுங்கள். என், ஜி இரண்டும் அதிலேயே போய்விட்டன. இனி எம், ஏ, ஓ மூன்றும் உள்ள வினைச்சொல் வேண்டும். ரோம், ஃபோம் இரண்டிலும் அவை இருக்கின்றன; ரோமிங், ஃபோமிங் கிடைத்துவிட்டன. ஃபார்மேட் என்றால் ஃபார்மேட்டிங். கமாண்ட் என்றால் கமாண்டிங். கம்ப்ளெய்ன் என்றால் கம்ப்ளெய்னிங். புரோகிராம் என்றால் புரோகிராமிங். பிள்ளைக்கு இந்த ஒரு வால் போதும், பாதி வீட்டுப்பாடம் முடிந்துவிடும்.

அடுத்து ‘ஷன்’ என்று ஒலிக்கும் வால். அதில் ஓ, என் இருக்கின்றன. மீதி எம், ஏ, ஜி. மைக்ரேஷன், இமாஜினேஷன், விதை முளைப்பதைச் சொல்லும் ஜெர்மினேஷன் எல்லாம் வரும். ‘கிராம்’ என்ற வாலில் ஜி, ஏ, எம் மூன்றும் ஒரே அடியில் அடங்குகின்றன. அதற்கு முன்னால் ஓ-வும் என்-னும் வேண்டும்: மோனோகிராம், ஆஞ்சியோகிராம். ‘மேன்’ என்ற வாலில் எம், ஏ, என். காங்கிரஸ்மேன் அதில் வந்துவிடும். நீருக்கடியில் வேலை செய்யும் வீரரைச் சொல்லும் ஃபிராக்மேனும் வரும். ‘இசம்’ என்ற வாலில் எம் மட்டும்தான் கிடைக்கிறது, ஆனால் ஆர்கனிசம் என்ற நல்ல சொல் ஒன்று மாட்டுகிறது.

வாலில் அடங்காமல் தனியாக நிற்கும் சொற்களும் உண்டு. மஹாகனி மரம், மேக்னோலியா பூ, பிச்சாவரத்தில் இருக்கிற அலையாத்திக் காட்டைச் சொல்லும் மேங்ரோவ், பூநாரையான ஃபிளமிங்கோ. இவை யோசித்து வருவதைவிட திடீரென்று தோன்றுவதுதான் அதிகம். ஒரு எச்சரிக்கை: கீரிக்கு ஆங்கிலத்தில் மங்கூஸ். காதுக்கு மேங்கோ மாதிரியே இருக்கும், பிள்ளைகள் அவசரத்தில் எழுதிவிடுவார்கள். எழுதிப் பாருங்கள், அதில் ஏ கிடையாது.

இனி உங்கள் தேர்வு. எஸ்எஸ்சி, ரயில்வே தேர்வுகளில் இரண்டாவது வகைதான் வரும். ஒரு நீளமான சொல்லைக் கொடுத்து, கீழே உள்ள நான்கில் எதை இந்த எழுத்துகளால் அமைக்க முடியாது என்று கேட்பார்கள். இதற்கு நான் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் சொல் ‘கிருஷ்ணகிரி’. ஆங்கிலத்தில் எழுதினால் 11 எழுத்து. கே, எஸ், ஹெச், என், ஏ, ஜி தலா ஒன்று. ஆர் இரண்டு. ஐ மூன்று. இந்த எண்ணிக்கையை ரஃப் தாளில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள், அதன்பிறகு மூலச்சொல்லைத் திரும்பப் பார்க்கவே வேண்டாம்.

நான்கு விடைகள் ஷேரிங், ரெய்சின், ரேங்கிங், ஹைக்கிங் என்று வைத்துக்கொள்வோம். பல பேர் முதல் சொல்லின் முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போவார்கள். நேரம் போவது அங்கேதான். முதலில் பார்க்க வேண்டியது, மூலச்சொல்லில் இல்லவே இல்லாத எழுத்து விடைகளில் இருக்கிறதா என்று. கிருஷ்ணகிரியில் இ இல்லை, ஓ இல்லை, யூ இல்லை. நான்கு சொல்லிலும் அவை இல்லை. அடுத்து, விடைகளில் இரண்டு முறை வரும் எழுத்து எது? ரெய்சினில் ஐ இரண்டு முறை. மூலத்தில் மூன்று இருக்கிறது, பரவாயில்லை. ஹைக்கிங்கிலும் ஐ இரண்டு, அதுவும் சரி. ரேங்கிங்கில் என் இரண்டு முறை வருகிறது. மூலத்தில் ஒன்றுதான். அதுதான் விடை. ஷேரிங்கைத் தொடவே வேண்டியதில்லை.

கேள்வி தயாரிப்பவர்களுக்கு இரண்டு பொறிதான் தெரியும்: இல்லாத எழுத்து, போதாத எழுத்து. இரண்டாவதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். ‘என் இருக்கிறதா? இருக்கிறது’ என்று மனம் ஒருமுறை சரி சொல்லிவிட்டால் மறுமுறை எண்ணாது. ரெய்னிங், சிங்கிங், சிங்க்கிங், ஷைனிங் எதையும் கிருஷ்ணகிரியிலிருந்து எடுக்க முடியாது, எல்லாவற்றிலும் என் இரண்டு. ஆனால் ஆஸ்கிங், ஷேக்கிங், ரிஸ்க்கிங், ரைசிங், ஸ்கீயிங் எல்லாம் தாராளமாக வரும். ஸ்கீயிங்கில் ஐ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஆங்கிலத்தில் அது அபூர்வம்.

ஊர்ப்பெயர் என்றதும் தர்மபுரிப் பிள்ளைகள் எங்கள் ஊரை எடுங்கள் சார் என்பார்கள். எடுத்துப் பார்த்தால் பத்து எழுத்தில் டிரம், ஹார்ப், ஜோடியைச் சொல்லும் பேர், ஹேர், ஃபார்மா என்று போய் சீக்கிரமே மூச்சு வாங்குகிறது. காரணம் எளிது. அதில் இ இல்லை, எஸ் இல்லை, என் இல்லை, ஓ-வும் இல்லை. ஆங்கிலச் சொற்களுக்கு வால் கட்டுகிற எழுத்து எதுவுமே இல்லை. கிருஷ்ணகிரியில் ‘இங்’ கட்ட மூன்று எழுத்தும் இருக்கிறது, பன்மைக்கு எஸ்ஸும் இருக்கிறது. தர்மபுரிக்காரனான நானே ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வங்கித் தேர்வில் வருவது கொஞ்சம் வேறு மாதிரி. நான்கு எழுத்தைக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு எழுத்தையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி, பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் எத்தனை அமைக்கலாம் என்பார்கள். விடைகள்: ஒன்றுமில்லை, ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றுக்கு மேல். நான்கு எழுத்தை 24 விதமாக அடுக்கலாம், ஆனால் 24-ஐயும் எழுதுகிறவர் அந்தப் பரீட்சையை முடிக்க மாட்டார். ஒவ்வொரு எழுத்தையும் முதலில் வைத்துப் பார்த்து, உச்சரிக்க முடியாததை அப்படியே தள்ளிவிட வேண்டும்.

இ, ஏ, ஆர், என் என்று வந்தால்? இ முதலில்: ஏர்ன், சம்பாதிப்பது. ஏ முதலில் வைத்தால் ஒன்றும் தேறவில்லை. ஆர் முதலில், அதுவும் இல்லை. என் முதலில்: நியர். இரண்டு. இது எல்லோருக்கும் வரும்.

எஸ், ஏ, எல், இ கொடுத்தால்தான் வேடிக்கை. சேல், சீல் இரண்டையும் எல்லோரும் எழுதிவிட்டு ‘இரண்டு’ என்று குறித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான்கு எழுத்தில் எஸ் ஒன்று இருந்தால் அதைக் கடைசியில் தள்ளிப் பாருங்கள். மீதி மூன்றில் ஏல் என்று ஒரு மதுவகை இருக்கிறது, பன்மை ஏல்ஸ். லீ என்றால் புல்வெளி, கவிதையில் அதிகம் வரும், பன்மை லீஸ். நான்கு ஆகிவிட்டது, விடை ‘மூன்றுக்கு மேல்’. லேசர் ஒளி உமிழ்வதைச் சொல்லும் லேஸ் என்ற வினைச்சொல்லையும் சேர்த்தால் ஐந்து, ஆனால் நான்கைத் தாண்டிய பிறகு ஐந்தாவதைத் தேடுவது நேர விரயம். எஸ் இருக்கிற நான்கெழுத்துக் கேள்விக்கு விடை அநேகமாகப் பெரிய எண்ணாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிடாதீர்கள், ஆனால் இரண்டோடு நிற்கவும் நிற்காதீர்கள்.

தள்ளிவிடுவதற்கு ஆங்கிலத்தின் பழக்கங்கள் சில தெரிந்திருக்க வேண்டும். க்யூ வந்தால் பின்னாலேயே யூ வரும். ஈராக், புர்கா போல வெளியிலிருந்து வந்தவை விதிவிலக்கு. சொல் வி-யில் முடியாது, ஹேவ், கிவ், லவ் எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு இ ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். ஜே-யிலும் முடியாது, ராஜ், தாஜ் எல்லாம் நம் பக்கத்துச் சரக்கு. என்-ஜி கூட்டு சொல்லின் ஆரம்பத்தில் வராது, சி-கே கூட்டும் அப்படித்தான். ஹெச் தனியாக நிற்பதைவிட சி, எஸ், ஜி, டபிள்யூ போன்றவற்றுக்குப் பின்னால் ஒட்டி நிற்பதையே விரும்பும். உயிரெழுத்தே கொடுக்காமல் ஒய் மட்டும் கொடுத்திருந்தால் பயப்பட வேண்டாம், ஒய்தான் அங்கே உயிர்: ரிதம், மித், காட்டுப்பூனையான லிங்க்ஸ், ஹிம் என்று வழிபாட்டுப் பாடலைச் சொல்லும் சொல், எல்லாம் அந்தக் குடும்பம்.

ஐந்து உயிரும் ஒரே சொல்லில் வர வேண்டும் என்றும் பள்ளிகளில் கேட்பார்கள். எஜுகேஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். ஓசூர்ப் பக்கம் வயலில் விளைகிற காலிஃபிளவரிலும் ஐந்தும் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை. ஃபெசீஷியஸ் என்ற சொல்லில் ஏ, இ, ஐ, ஓ, யூ என்று வரிசை மாறாமலே வரும். பிஹேவியர், ஃபேவரிட் இரண்டையும் சேர்க்கலாம், ஆனால் நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் மட்டும். அமெரிக்கர்கள் அவற்றில் யூ-வை எடுத்துவிட்டார்கள். இணையத் தளங்கள் பல அமெரிக்கப் பட்டியலை வைத்திருப்பதால், சரியாக எழுதிய பிள்ளையை ‘தப்பு’ என்று சொல்லிவிடும். அப்படி நடந்தால் தளத்தை நம்ப வேண்டாம்.

ஒட்டி வரும் எழுத்துகள் பற்றியும் கொஞ்சம். டபிள்யூ, கே, டபிள்யூ மூன்றும் அடுத்தடுத்து வரும் சொல் எது என்று கேட்டால் முழிப்போம். வாயில் நுழையாத கூட்டு வந்தால், அது இரண்டு துண்டுகள் சேர்ந்த இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன் துண்டு கே-யில் முடிகிறது, பின் துண்டு டபிள்யூவில் ஆரம்பிக்கிறது. பின்னால் ‘வர்ட்’ என்று வைத்துப் பார்த்தால் ஆக்வர்ட் வந்து நிற்கும். ஜி, ஹெச், எல் ஒட்டி வருவது ஹைலைட்டில், ஹைக்கும் லைட்டுக்கும் நடுவே. கே, எஃப் ஒட்டி வருவது பிரேக்ஃபாஸ்டில். ஆங்கில அகரவரிசையில் க்யூவுக்கு அடுத்து வரும் நான்கு எழுத்துகளும் அப்படியே வரிசையாக நிற்கும் சொல்கூட உண்டு: அண்டர்ஸ்டடி. நாடகத்தில் முக்கிய நடிகர் வராவிட்டால் நடிக்கத் தயாராக இருக்கும் மாற்று நடிகர். அண்டர், ஸ்டடி இரண்டும் சேர்ந்த மூட்டில்தான் அந்த நால்வரும் சந்திக்கிறார்கள்.

வரிசை மாறாமல் இடைவெளி விட்டு வரும் வகைக்கு பஸ் பயணம் நல்ல பயிற்சி. கர்நாடக அரசுப் பேருந்துகளின் நம்பர் பிளேட்டில் கே, ஏ, நடுவில் எண், அப்புறம் எஃப் என்று இருக்கும். கிருஷ்ணகிரி டோல்கேட் பக்கம் நின்றால் நிறையப் பார்க்கலாம். இந்த மூன்றும் இதே வரிசையில் வரும் சொல் சொல்லுங்கள் என்றால் எல்லோரும் பிரேக்ஃபாஸ்ட் என்பார்கள். மூன்று எழுத்தும் அதில் இருக்கின்றன, ஆனால் வரிசை உதைக்கும்: கே-க்குப் பிறகு ஏ வருகிறது, அந்த ஏ-க்குப் பிறகு எஃப் இல்லை. காஃப்டான் என்ற தொளதொள அங்கிதான் சரியான விடை.

வேர்டிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பச்சை வந்தால் எழுத்தும் இடமும் சரி, மஞ்சள் வந்தால் எழுத்து உண்டு ஆனால் அந்த இடம் இல்லை, சாம்பல் வந்தால் அந்த எழுத்தே இல்லை. மேலே சொன்ன வகைகளில் இரண்டு மூன்றைக் கலந்த கலவை, அவ்வளவுதான்.

கடைசியாகக் கணினி. வீட்டில் அரசு கொடுத்த லேப்டாப் இருந்தாலும் போதும். ஒரு ஆங்கிலச் சொற்பட்டியலை இறக்கி எக்செலில் ஒரு பத்தியாக ஒட்டுங்கள். ஸ்கிராபிள் போட்டிகளுக்கான காலின்ஸ் பட்டியலில் இரண்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல் சொற்கள் உண்டு, எக்செல் தாங்கும். பக்கத்தில் எழுத்துக்கு ஒரு பத்தி வைத்து, ‘சர்ச்’ என்ற ஃபங்ஷனால் அந்த எழுத்து சொல்லில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘ஃபைண்ட்’ வேண்டாம், அது பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்கும். ஐந்து பத்தியிலும் விடை வந்த வரிகளை மட்டும் ஃபில்டர் செய்தால் அக்கா மகளின் பட்டியல் தயார். வழக்கமான கஸ்டம் ஃபில்டரில் ஒரே நேரத்தில் இரண்டு நிபந்தனைதான் போட முடியும், அதனால்தான் இந்தச் சுற்று வழி.

லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு கிரெப் இருக்கிறது. கென் தாம்ப்சன் எழுதி 1973-ல் யூனிக்ஸில் வந்த கட்டளை, இன்றும் இதைவிட வேகமாக எதுவும் தேவைப்பட்டதில்லை. எழுத்துக்கு ஒரு கிரெப் வைத்து, ஒன்றின் விடையை அடுத்ததற்குள் பைப் போட்டு விட்டால் மூன்றாவது வகை முடிந்தது. நடுவில் புள்ளியும் நட்சத்திரமும் வைத்தால் வரிசை வகை. எழுத்துகளை எல்லாம் சதுர அடைப்புக்குள் போட்டு ‘இவை மட்டும்’ என்று சொன்னால் இரண்டாவது வகை, ஆனால் ஒரு குறை: அது எண்ணிக்கை பார்க்காது. கிருஷ்ணகிரியின் எழுத்துகளைக் கொடுத்தால் ரேங்கிங்கையும் சேர்த்துக் கொடுத்துவிடும். பரீட்சை ஹாலில் நாம் விழும் அதே பள்ளத்தில் அதுவும் விழும். எழுத்தை எண்ணிப் பார்க்கிற நாலு வரி நிரல் தனியாக எழுதித்தான் ஆக வேண்டும்.

எல்லா எழுத்தையும் மாற்றி அடுக்குவதற்கு மட்டும் ஒரு அழகான வழி உண்டு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி அதற்குப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். மேங்கோவை அடுக்கினால் ஏ, ஜி, எம், என், ஓ. அமாங்கை அடுக்கினாலும் அதேதான். அடுக்கியது ஒன்றாக இருப்பவை எல்லாம் ஒரே குடும்பம். 120 விதமாக மாற்றிப் பார்க்கும் வேலையே இல்லை.

பட்டியல் கைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் பழைய புதிரையும் போட்டுப் பாருங்கள்: ஜி, ஆர், ஒய் என்று முடியும் சொற்கள் மூன்று, ஆங்க்ரி, ஹங்க்ரி, மூன்றாவது என்ன? இதற்காகத் தூக்கம் கெட்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அன்றாட ஆங்கிலத்தில் மூன்றாவது கிடையாது, கேள்வியே தப்பு. பெரிய அகராதிகளில் தேடினால் ஆப்பிரிக்கப் பாசிமணி ஒன்றைக் குறிக்கும் அக்ரி என்ற சொல்லும், தலைப்பாகையைக் குறிக்கும் பக்ரி என்ற சொல்லும் கிடைக்கும். இரண்டாவது நம் நாட்டிலிருந்தே வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனது.